தீபாவளியிலேயே நின்ற காலண்டர்

கோவில்பட்டியில், சந்தைக்குப் போகும் தெருவில், ஒரு மாவு மில் இருந்தது. மில்லின் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு தினசரிக் காலண்டர். எந்த வருஷத்துக் காலண்டர் என்று கேட்காதீர்கள். எந்த வருஷமாக இருந்தாலும் கதை இப்படித்தான் போயிருக்கும்.

மில்லில் மெஷின் ஓடும்போது யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் அங்கிருந்த பொருள்களெல்லாம் கரன்ட் போகிற நேரத்துக்காகக் காத்திருந்து பேசிக்கொள்ளும். மாசத்துக்கு ஒரு நாள், கம்பியில் வேலை பார்க்கிறோம் என்று காலையில் கரன்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் கொடுப்பார்கள். மனிதர்களுக்கு அது தொல்லை. மில்லுக்குள் இருந்த பொருள்களுக்கு அதுதான் திருவிழா.

வருஷக் கடைசியில் அப்படி ஒரு நாள் வந்தது. மெஷின் வாயை மூடியதும் முதலில் பேசியது தராசு.

“காலண்டர் எங்கே? ஆளையே காணோம்,” என்றது.

“இங்கேதான் இருக்கேன்,” என்று ஒரு குரல் வந்தது. “எனக்கு முன்னாடி ஒருத்தர் தொங்குறாரு. அதான் தெரியலை.”

உண்மைதான். கார்த்திகை மாசத்திலேயே மளிகைக் கடைக்காரர் புது வருஷக் காலண்டரைக் கொடுத்துவிட்டார். மில் முதலாளி சீனிராஜ் அதை வாங்கி வந்த கையோடு அதே ஆணியில், பழைய காலண்டரின் மேலேயே மாட்டிவிட்டார். நம் ஊரில் யார் வீட்டில்தான் அப்படி மாட்டுவதில்லை? இன்னோர் ஆணி அடிக்கச் சோம்பல். பழையதைக் கழற்ற மனசில்லை, இன்னும் நாள் இருக்கிறதே. புதியதைச் சுருட்டி வைக்கவும் மனசில்லை, சாமி படம் போட்டிருக்கிறதே. ஆகவே ஒன்றின் மேல் ஒன்று.

அப்படித்தான் பழைய காலண்டர் இருட்டுக்குள் போனது. முன்னால் முருகன் மயிலோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே, இன்னும் பிறக்காத ஜனவரி ஒன்று, பெரிய சிவப்பு எழுத்தில் நின்றது. மில்லுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். “அட, வருஷம் போயிருச்சே” என்று சொல்லிவிட்டு வாளியைக் கீழே வைத்தார்கள்.

“நானா வந்து ஏறலைங்க,” என்றது புதுக் காலண்டர். அதன் உடம்பில் இன்னும் பசை வாசனை போகவில்லை. “மாட்டினாங்க, தொங்குறேன். ஆனா நீங்க விடுற பெருமூச்சுதான் என் முதுகுல காத்தா அடிச்சுக்கிட்டே இருக்கு. என்ன குறை உங்களுக்கு?”

“உனக்குத் தெரியாது,” என்றது பழைய காலண்டர். “ஜனவரியில என்னைப் பாத்திருக்கணும் நீ.”

“ஆரம்பிச்சுட்டான்,” என்றது ஆணி. ஆணிக்கு எப்போதும் கனத்தைப் பற்றித்தான் கவலை. ஒரு காலண்டருக்கு இரண்டு காலண்டராகச் சுமப்பதால் அது வழக்கத்தைவிடக் கடுகடுப்பாக இருந்தது. “வருஷா வருஷம் இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு எனக்குத் துருவே பிடிச்சுருச்சு.”

பழைய காலண்டர் அதைக் காதில் வாங்கவில்லை. ஜனவரியைப் பற்றிப் பேசும்போது யார்தான் அடுத்தவர் பேச்சைக் கேட்கிறார்கள்?

ஜனவரியில் அதற்கு இருந்த மரியாதையே வேறு. அப்போது அது தடியாக இருந்தது, ஒரு செங்கல்லைச் சுவரில் மாட்டிய மாதிரி. மில்லுக்கு வரும் பெண்கள் அரிசி வாளியை வரிசையில் வைத்துவிட்டு நேராக அதனிடம்தான் வருவார்கள். நல்ல நேரம் எப்போது, ராகு காலம் எப்போது, பௌர்ணமி என்றைக்கு என்று கேட்டு, வாசிக்கத் தெரிந்தவர்கள் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தாளைக் கிழிக்கும்போதுகூட ஓரத்தைப் பிடித்து, மெதுவாக, ஒரு குழந்தையின் சட்டையைக் கழற்றுவதுபோலக் கிழிப்பார்கள்.

எல்லாரையும்விட அதனிடம் ஒட்டிக்கொண்டவள் சீனிராஜின் மனைவி குருவம்மாள். கீழ்வரிசையில் பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றை ஒற்றை வார்த்தையில் பலன் போட்டிருக்கும். நலம், பகை, லாபம், சோர்வு என்று. குருவம்மாளுக்குக் கடக ராசி. மூன்றாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனவள். எழுத்துகளைத் தனித்தனியாகப் பார்த்தால் அடையாளம் தெரியும், சேர்த்துப் பார்த்தால் கண்ணைக் கட்டும். அதனால் தினமும் காலையில் கணவரைத்தான் கேட்பாள்.

“ஏங்க, எனக்கு இன்னிக்கு என்ன போட்டிருக்கு?”

சீனிராஜ் திரும்பிப் பார்க்காமலே, “பொறுமை” என்பார்.

மறுநாளும் பொறுமை. அதற்கடுத்த நாளும் பொறுமை. பொங்கல் அன்றைக்குக்கூடப் பொறுமைதான்.

ஒரு நாள் குருவம்மாள் முந்தைய நாள் தாளையும் அன்றைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏங்க, நேத்து உள்ள பொறுமை குட்டையா இருந்துச்சு. இன்னிக்கு உள்ள பொறுமை எப்படி இவ்வளவு நீளமா போச்சு?”

மில்லில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் சீனிராஜ் மெஷினைப் போட்டுச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டார். அன்றிலிருந்து குருவம்மாள் அவரைக் கேட்பதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, காலண்டருக்கு எதிரில் உட்கார்ந்து, தானே எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். அவள் முதன்முதலில் தானாக வாசித்த வார்த்தை ‘நலம்’. அதை வாசிக்க அவளுக்கு ஒரு படி அரிசி அரைபடுகிற நேரம் பிடித்தது.

“அந்தக் காலை இருக்கே,” என்றது பழைய காலண்டர். சொல்லும்போதே அதற்குக் குரல் இளகிவிட்டது. “ந... ல... ம்... அப்படின்னு அவ சொன்னப்ப, அவ உதட்டுல ஒட்டியிருந்த மாவு உதிர்ந்து என் மேல விழுந்துச்சு. இன்னும் இருக்கு பாரு, ஓரத்துல.”

“நான் எப்படிப் பாக்குறது? முதுகுதானே உங்க பக்கம் இருக்கு,” என்றது புதுக் காலண்டர். பிறகு கேட்டது. “வெறும் ராசி பலனுக்காகவா இவ்வளவு பாடு?”

“அது மட்டும்னா நானும் இவ்வளவு வருத்தப்பட மாட்டேன்.”

விஷயம் வேறு. குருவம்மாளுக்கு ஒரே தங்கச்சி, மாரித்தங்கம், தென்காசியில் வாழ்க்கைப்பட்டவள். முந்தின வருஷம் அவளைப் பார்க்கக் குருவம்மாள் தனியாகக் கிளம்பினாள். தென்காசி பஸ் எப்போதும் நிற்கிற இடத்தில் ஒரு பஸ் நின்றது. ஏறினாள், ஜன்னலோரம் இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டாள், தூங்கினாள். கண் விழித்துப் பார்த்தால் தூத்துக்குடி. மாரித்தங்கம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் இருட்டும்வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினாள். ஊரார் விடுவார்களா? “குருவம்மா உப்பு வாங்கத் தூத்துக்குடி போனாளாம்” என்று பல மாசம் பேசிச் சிரித்தார்கள். சீனிராஜும், “இனி தனியாப் போகாதே, நானே கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டார். அவர் மில்லைச் சாத்திவிட்டு ஒரு நாளும் எங்கும் போனதில்லை. அப்படியே போயிற்று.

மாரித்தங்கத்துக்கோ முட்டு தேய்ந்துபோய் வீட்டு வாசற்படி இறங்குவதே பெரும்பாடு. அவள் வர முடியாது. இவள் போக முடியாது. அக்காவும் தங்கச்சியும் ஒருவரையொருவர் பார்த்து வெகுநாள் ஆகிவிட்டது.

‘நலம்’ என்று வாசித்த அன்றைக்குத்தான் குருவம்மாள் காலண்டரின் அட்டை மேல் மாவுக் கையை வைத்து, அதற்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். “இது தீர்றதுக்குள்ள, நானே போர்டை வாசிச்சு, நானே பஸ் ஏறி, எந் தங்கச்சியைப் போய்ப் பாத்துட்டு வருவேன்.”

அதன் பிறகு வந்த மாசங்களைக் காலண்டர் இருட்டுக்குள் இருந்துகொண்டு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது. மாசியில் ‘வரவு’ வந்தது, ‘நட்பு’ வந்தது. பங்குனியில் ‘மகிழ்ச்சி’ வந்து அவளை இரண்டு நாள் திணறடித்தது. சித்திரையில் கல்யாண வீட்டுக்காரர்கள் மூட்டை மூட்டையாக மிளகாய் வத்தலோடு வந்தார்கள். தும்மலுக்கு நடுவே எங்கே படிக்கிறது? ஒரு நாள் விட்டாள். மறுநாள் இரண்டு தாளையும் சேர்த்து வாசித்தாள். ஆடியில் கூழுக்குக் கேழ்வரகு வந்தது, நாலு நாள் விட்டாள். சேர்த்து வாசிக்க வேண்டியது கூடிப்போனதும் அவளுக்கே அது மலைப்பாகிவிட்டது. ஆவணியில் சீனிராஜ் ஒரு கொத்துத் தாளை ஒரே இழுப்பில் இழுத்துக் கிழித்தார். குருவம்மாள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

தீபாவளிக்கு முறுக்கு மாவும் கடலை மாவும் அரைத்து மாளவில்லை. “தீபாவளி போகட்டும்” என்றாள். தீபாவளி போனது. பிறகு மழை. “மழை விடட்டும்” என்றாள். காலண்டரில் தாளைக் கிழிக்கக்கூட ஆள் இல்லை. நாள் நகர்ந்தது, காலண்டர் தீபாவளியிலேயே நின்றது. அப்போதுதான் அதன் மேல் புதுக் காலண்டர் வந்து விழுந்தது.

“தீபாவளியோட நின்ன காலண்டரை எல்லாம் நான் நிறையச் சுமந்தாச்சு,” என்றது ஆணி. “கடைசித் தாள்களை எவனும் தொடமாட்டான். அப்படியே வெந்நீர் அடுப்புக்குப் போகும். உனக்கும் அதுதான். பேசாம இரு.”

“போகட்டும்,” என்றது பழைய காலண்டர். “எனக்கு அந்த ஜனவரியே போதும். அதை நினைச்சுக்கிட்டே மிச்ச நாளை ஓட்டிருவேன்.”

ஓட்டியும் இருக்கும். அந்த நேரம் பார்த்து மாரித்தங்கத்திடமிருந்து போன் வந்தது.

சீனிராஜ், கரன்ட் இல்லாத நாளை வீணாக்கக் கூடாது என்று மெஷினுக்குப் பெல்ட் வாங்கப் போயிருந்தார். குருவம்மாள் மட்டும் மில்லில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் மாவாக இருந்ததால் போனைத் தராசுத் தட்டில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

“அக்கா, நல்லா இருக்கியா? எப்ப வாற?”

“வாறேன்டீ. இந்த வருஷந்தான் போயிருச்சே. இனிமே என்னத்தப் படிச்சு என்னத்தப் போக. புதுக் காலண்டர் வந்து மாட்டியாச்சு. ஒண்ணாந் தேதியில இருந்து மொதல்லருந்து படிக்க ஆரம்பிச்சேன்னா, அடுத்த வருஷம் கட்டாயம் வந்துருவேன்.”



“போன வருஷக் கடைசியிலயும் அடுத்த வருஷம் வாறேன்னுதான் சொன்ன,” என்றாள் மாரித்தங்கம். “எனக்கு முட்டு மடங்கினா நானே வந்திருப்பேன்க்கா. இப்பல்லாம் கட்டிலை விட்டு எறங்கவே யோசனையா இருக்கு. உன்னைப் பாக்கணும்போல இருக்கு. நீ வரவே மாட்டியோன்னும் இருக்கு. வச்சிருதேன்.”

குருவம்மாள் போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவள் பார்த்தது ஜனவரி ஒன்றை.

“என்னைப் பாத்துக்கிட்டே இருக்காங்களே,” என்றது புதுக் காலண்டர். அதற்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. “இப்ப அவங்க சொன்னது எம்பேரைத்தானே? நான் வந்துட்டேன்கிறதைச் சாக்கா வச்சுத்தான் போகாம இருக்காங்களா?”

“உன் மேல தப்பில்லை,” என்றது பழைய காலண்டர்.

“தப்பைப் பத்தி நான் பேசலை. எனக்குப் பயமா இருக்கு. என்கிட்ட ஆரம்பிப்பாங்க. நானும் தடியா இருப்பேன், என்னையும் மெதுவா கிழிப்பாங்க. சித்திரை வரும், ஆடி வரும், தீபாவளி வரும். அப்புறம் என் மேலயும் ஒருத்தன் வந்து தொங்குவான். நான் உங்களை மாதிரி இருட்டுக்குள்ள உக்காந்து ஜனவரிக் கதை பேசிக்கிட்டு இருப்பேன். அந்த அம்மா தங்கச்சி அப்பவும் தென்காசியில ஒத்தையில கட்டில்ல இருப்பாங்க.”

புதுக் காலண்டர் ஆணியை அண்ணாந்து பார்த்தது.

“ஆணி அண்ணே,” என்றது புதுக் காலண்டர். “கொஞ்சம் தலையைக் குனியுங்களேன்.”

“எதுக்கு?”

“நான் இறங்கணும்.”

“பைத்தியமா உனக்கு? சாமி படத்தோட கீழ விழுந்தா அபசகுனம்னு சொல்லுவாங்க. வருஷம் பொறக்கும் முன்னாடியே விழுந்த காலண்டர் வேண்டாம்னு உன்னைத் திரும்ப மாட்டாமலே விட்டுட்டாலும் விடுவாங்க. உன் வருஷமே போயிரும்.”

“தெரியும்ணே. இன்னொருத்தரோட நாளை மறைச்சுக்கிட்டு தொங்குறதுக்கு அது தேவலை.”

ஆணி யோசித்தது. சுவரில் அடிக்கப்பட்ட நாளிலிருந்து அது யாருக்காகவும் தலை குனிந்ததில்லை. குனிந்தால் தன் பிழைப்பே போய்விடும் என்பது அதன் எண்ணம். ஆனாலும் தராசுத் தட்டிலிருந்து வந்த அந்தக் குரல் அதன் காதிலும் விழுந்திருந்தது. கொஞ்சமே கொஞ்சம், தலையை மட்டும் சாய்த்தது. புதுக் காலண்டர் வழுக்கி, மயிலும் முருகனுமாக, கீழே இருந்த மாவுத் தட்டில் போய் விழுந்தது.

குருவம்மாள் பதறி எழுந்தாள். படத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முந்தானையால் மாவைத் துடைத்தாள். ஓரம் மடங்கியிருந்தது, நீவி விட்டாள். திரும்ப மாட்டுவதற்காக ஆணியைப் பார்த்தபோதுதான், அங்கே வெகுநாள் கழித்துப் பழைய காலண்டரைக் கண்டாள்.

“அட, இது இன்னும் தீபாவளியிலேயே நிக்குது,” என்றாள்.

புதுக் காலண்டரைப் பத்திரமாக மேல் அலமாரியில் படுக்க வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பழைய காலண்டருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஜனவரி திரும்பி வந்துவிட்டது என்றே அது நினைத்தது. விட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து, ஒவ்வொரு நாளாகத் தடவித் தடவி வாசிப்பாள். தீபாவளி, மழை நாட்கள், கார்த்திகை எல்லாவற்றையும் அவளோடு மறுபடி வாழ்ந்துவிடலாம்.

குருவம்மாள் தீபாவளித் தாளை வாசிக்கத் தொடங்கினாள். அதைக் கிழித்து அடுத்ததை வாசித்தாள். அதற்கும் அடுத்ததில் பாதியில் நிறுத்தினாள். விட்டுப்போன தாள்களின் கனத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு ஒரு கையால் அட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முந்தின நாள் தாள்வரை அத்தனையையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

“ஐயோ, எல்லாம் உன்னோட நாள்தானே, ஒரு தடவையாவது பாரு,” என்று காலண்டர் கதறியது. அவளுக்கு அது கேட்கவில்லை. உருவிய தாள்களைக் கசக்கித் தராசுத் தட்டைத் துடைத்துக் கூடையில் போட்டாள்.

மிச்சமிருந்தது ஒரு மெல்லிய அடுக்கு. அதன் மேலே இருந்தது அன்றைய நாள்.

குருவம்மாள் குனிந்தாள். முதலில் கிழமை. பிறகு நல்ல நேரம். பிறகு கீழ்வரிசைக்கு விரலைக் கொண்டுபோய், கடகத்தைத் தேடிப் பிடித்தாள்.

“உ... த... வி. உதவி.”

இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு பக்கத்து ராசிக்குப் போனாள், அடுத்த ராசிக்குப் போனாள். கடைசி ராசியும் முடிந்ததும் நிமிர்ந்து, யாரும் இல்லாத மில்லைப் பார்த்து, “மறக்கலை” என்றாள். கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மாவாயிற்று.

காலண்டருக்குக் கிழிபட்ட இடம் வலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் இத்தனை நாள் நெஞ்சில் தூக்கிச் சுமந்த அந்தப் பழைய தாள்கள் எல்லாம் சேர்ந்தும் இந்த ஒரு தாளுக்கு ஈடில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சீனிராஜ் பெல்ட்டோடு வந்ததும், “புதுக் காலண்டர் எங்க?” என்று கேட்டார்.

“காத்துக்கு விழுந்துச்சு. மேல வச்சிருக்கேன். அதுக்கு நாள் வரும்போது மாட்டிக்கிடலாம். இப்ப இதுக்குத்தான் நாள்.”

அவர் முணுமுணுத்தார். சாமி படம் விழுந்தது நல்லதில்லை என்றார். குருவம்மாள் அதற்குள் மறுபடி முதல் ராசிக்குப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து மில்லுக்கு வந்த பெண்களுக்குப் புது வேடிக்கை கிடைத்தது. குருவம்மாள் ஒரு கையால் மாவை அள்ளிக்கொண்டே இன்னொரு கையை நீட்டி, வருகிற டப்பாவில் எழுதியிருந்த பெயர், பையில் போட்டிருந்த ஜவுளிக்கடைப் பெயர், வெல்லம் கட்டிவந்த பேப்பர் எதையும் விடாமல் வாசித்தாள். வாசித்து முடிக்கும்வரை டப்பாவைத் திருப்பித் தரமாட்டாள்.

“என்ன மதினி, பரீட்சைக்கா படிக்கீங்க?” என்று கேட்டாள் எதிர்வீட்டு ஜெபக்கனி.

“ஆமா. பரீட்சைதான்.”

“அடுத்த வருஷம் நிதானமாப் படிக்கலாம்ல? இனிமே என்ன இருக்கு, வருஷமே முடிஞ்சுபோச்சு.”

குருவம்மாள் சுவரைக் காட்டினாள். “முடிஞ்சிருந்தா அதுல தாள் இருக்காதுல்லா?”

ஜெபக்கனி காலண்டரைப் பார்த்தாள். மாவை வாங்கிக்கொண்டு போனாள்.

தாள்கள் மெலிந்துகொண்டே வந்தன. ஒரு நாள் விடியற்காலையிலேயே குருவம்மாள் குளித்து, நல்ல சேலை கட்டி, கையில் ஒரு பையோடு மில்லுக்கு வந்து நின்றாள். பையில் தங்கச்சிக்கு வறுத்து அரைத்த சத்து மாவு இருந்தது. சீனிராஜ் அவளைப் பார்த்தார். பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் வந்து ஏத்தி விடட்டுமா?”

“வேண்டாம்.”

“சும்மா கண்டக்டர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டு...”

“வேண்டாங்க. நீங்க மெஷினைப் பாருங்க.”

போவதற்கு முன் அவள் காலண்டரிடம் வந்தாள். முந்தின நாள் தாளை ஓரத்தைப் பிடித்துக் கிழித்தாள். கடகத்துக்கு அன்றைக்கு என்ன போட்டிருக்கிறது என்று சீனிராஜ் அவளுக்கு முன்பே பார்த்துவைத்திருந்தார். அதனால்தான் அவர் முகம் அப்படி இருந்தது.

“அ... லை... ச்... சல். அலைச்சல்,” என்று வாசித்தாள் குருவம்மாள்.

“வேணும்னா இன்னொரு நாள் போயேன்,” என்றார் சீனிராஜ்.

“அலையாம தங்கச்சி வீட்டுக்கு எப்படிப் போறதாம்?” என்று சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கினாள். பழைய காலண்டர் அவள் போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. போன வருஷமும் இப்படித்தான் போனாள் என்பது அதற்குத் தெரியும். இந்தத் தடவையும் தவறிவிட்டால் அவள் இனி எந்தக் காலண்டரையும் தொடமாட்டாள் என்பதும் தெரியும்.

அன்றைக்கு மில்லில் நல்ல கூட்டம். மெஷின் நிற்காமல் ஓடியது. சீனிராஜ் மாவை அள்ளும்போதெல்லாம் சட்டைப் பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒரு வாளியின் மாவை இன்னொரு வாளியில் கொட்டி ஜெபக்கனியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மத்தியானம் தாண்டியும் போன் வரவில்லை. தூத்துக்குடியாக இருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று அவருக்கு ஒரு கணக்கு ஓடியது.

கடைசியில் போன் நடுங்கியது. சீனிராஜ் அதைக் காதில் வைத்தார். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அரைத்துக்கொண்டிருக்கும்போது மெஷினை நிறுத்துகிற பழக்கமே அவருக்குக் கிடையாது, நிறுத்தினால் தானியம் கல்லுக்குள் சிக்கிக்கொள்ளும். அன்றைக்கு நிறுத்தினார்.

மில் அமைதியானது. எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“ம்,” என்றார் அவர். “ம்... சரி... ம்.” பிறகு மாவுக் கையாலேயே முகத்தைத் தடவிக்கொண்டார்.

“எந்த ஊருல இருக்காளாம்?” என்று கேட்டாள் ஜெபக்கனி.

“தென்காசியில,” என்றார் சீனிராஜ். “தங்கச்சி வீட்டுக் கட்டில்ல உக்காந்து பேசுதா. பஸ்ஸைச் சுத்தி வந்து முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை போர்டை வாசிச்சுப் பாத்துத்தான் ஏறினாளாம். கழுகுமலையில இருந்து வழியில உள்ள டீக்கடை போர்டு, சைக்கிள் கடை போர்டு ஒண்ணு விடாம வாசிச்சுக்கிட்டே போயிருக்கா. பக்கத்து சீட்டு அம்மாவுக்குத் தூக்கமே போச்சாம்.”

பெண்கள் சிரித்தார்கள். ஜெபக்கனிக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது.

“எப்பத் திரும்பி வருவா?”

“புது வருஷம் கழிச்சுத்தான் வருவாளாம். ரெண்டு பேருக்கும் பேச்சு தீரணும்ல.” அவர் சொல்லிவிட்டு, கல்லுக்குள் சிக்கிய கம்புத் தானியத்தை நோண்டி எடுக்கக் குனிந்தார்.

மெஷின் நின்றிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆணி மெதுவாகப் பேசியது.

“கேட்டியா? புது வருஷம் கழிச்சு வருவாளாம். அப்போ உன்னோட கடைசித் தாளையெல்லாம் யாரும் வாசிக்கப் போறதில்லை. கடைசியில நான் சொன்ன மாதிரித்தான் ஆச்சு உன் கதை.”

பழைய காலண்டர் பெருமூச்சு விடவில்லை. ஜனவரியைப் பற்றியும் பேசவில்லை.

“என்னை விட்டுட்டுப் போற அளவுக்கு அவளுக்கு வாசிக்க வந்துருச்சு,” என்றது. “ஒரு காலண்டருக்கு இதுக்கு மேல என்ன வருஷம் வேணும்?”